ஜாகுவார் ஈ-டைப்: வாங்கி, சீரமைத்து, விற்க நினைப்பவர்களுக்கு

1961 மார்ச்சில் ஜெனிவா கார் கண்காட்சியில்தான் ஜாகுவாரின் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் கார் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது. 9600 எச்.பி. என்ற பதிவெண் கொண்ட கூபேயை (கூரையிட்ட காரை) ஜாகுவார் தொழிற்சாலை இருந்த கவென்ட்ரியிலிருந்து நிறுவனத்தின் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த பாப் பெர்ரி ஓட்டிக்கொண்டு போனார். ஓட்டிப் பார்க்க ஆட்கள் முண்டியடிக்கவே, 77 ஆர்.டபிள்யூ. என்ற திறந்த காரைச் சோதனை ஓட்டுநர் நார்மன் டியூயிஸ் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி வந்து சேர்த்தார். இரண்டு கார்களும் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றில் உள்ள தகடும் இன்ஜினும் மற்ற ஈ-டைப்களில் உள்ளவைதான். ஆனால் அவற்றின் மதிப்பு வேறு, ஏனென்றால் எந்த எண், எந்தக் கார், யார் ஓட்டியது என்பதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறது.

சாதாரண ஈ-டைப்புக்கும் இதே கணக்குதான். சீரமைத்து விற்கப் போகிறவர் உண்மையில் விற்பது பளபளப்பை அல்ல. பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கான ஆதாரத்தைத்தான் விற்கிறார். பழைய காரில் முதல்முறை கை வைப்பவர்களுக்காக, காரை வாங்குவதிலிருந்து சாவியைக் கொடுப்பதுவரை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். சட்டமும் நடைமுறையும் பிரிட்டனுக்கு உரியவை. கார் பிறந்த ஊர் அது, உதிரிபாகமும் கைத்திறனும் அதிகம் கிடைப்பதும் அங்கேதான்.

எந்த ஈ-டைப்?

1961 முதல் 1974 வரை 72,000-க்கு மேல் தயாரித்தார்கள். ஆகவே 'ஈ-டைப்' என்ற பெயர் மட்டுமே ஒரு காரை அபூர்வமாக்கிவிடாது. அபூர்வம் உள்வகைகளில் இருக்கிறது.

முதல் மூன்றரை ஆண்டு வந்தவை 3.8 லிட்டர் கார்கள். அவற்றிலும் ஆரம்பத்தில் வந்த சுமார் 500 கார்களுக்கு பானெட்டின் (இன்ஜின் மூடியின்) பூட்டு வெளியே, பக்கவாட்டில் இருந்தது. தனிச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். 1962 வரை வந்தவற்றில் கால் வைக்கும் தரை தட்டையாக இருக்கும். உயரமானவர்கள் முழங்காலை எங்கே வைப்பது என்று புலம்பிய பிறகு பள்ளம் வைத்துக் கொடுத்தார்கள். ஓட்டுவதற்கு வசதி குறைந்த அந்தத் தட்டைத் தரைக் கார்களுக்குத்தான் இன்று அதிக விலை. சேகரிப்பாளர்களின் தர்க்கம் இப்படித்தான் வேலை செய்யும்.

1964 அக்டோபரில் 4.2 லிட்டர் வந்தது. கியர்பாக்ஸ், பிரேக், இருக்கை எல்லாம் மேம்பட்டன. நிஜமாக ஓட்ட விரும்புகிறவர்கள் தேடுவது இதைத்தான். 1966-இல் பின்னிருக்கையோடு நீளம் கூடிய 2+2 வந்தது. 1968-இல் ஈ-டைப்பின் இரண்டாம் வரிசை (சீரீஸ் 2). 1971-இல் 5.3 லிட்டர் வி-12 இன்ஜினோடு மூன்றாம் வரிசை.

புதியவர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2+2 காரின் துருவை எடுக்கவும், தட்டைத் தரைத் திறந்த காரின் துருவை எடுக்கவும் ஏறக்குறைய ஒரே செலவுதான் ஆகும். விற்கும்போது கிடைக்கும் விலையோ மலைக்கும் மடுவுக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று துருப்பிடித்த 2+2 வாங்கி முழுச் சீரமைப்பு செய்வது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிற வேலை. சொந்தமாக வைத்து ஓட்ட என்றால் தாராளமாகச் செய்யலாம். விற்க என்றால் வேண்டாம்.

'லைட்வெயிட்' என்று சொல்லி யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். 1963-64-இல் பந்தயத்துக்காக அலுமினிய உடலோடு தயாரானவை 12 மட்டுமே. அப்போது ஒதுக்கியும் தயாரிக்காமல் விட்டுப்போன 6 எண்களுக்கான கார்களை ஜாகுவாரே 2014-இல் அறிவித்துத் தயாரித்துக் கொடுத்தது. அசல் கார் ஒன்று 2017-இல் போனம்ஸ் ஏலத்தில் 70 லட்சம் டாலருக்கு மேல் போனது. சந்தையில் 'லைட்வெயிட்' என்று சுற்றுவதெல்லாம் பெரும்பாலும் நகல்கள்.

பணம் கொடுக்கும் முன் எண்களைப் படியுங்கள்

ஈ-டைப்பின் அடையாளத் தகட்டில் நான்கு எண்கள் இருக்கும்: கார் எண், இன்ஜின் எண், பாடி எண், கியர்பாக்ஸ் எண். தகட்டை யார் வேண்டுமானாலும் புதிதாக அடித்து ரிவிட் போட்டுவிடலாம் என்பதால், உலோகத்திலேயே பொறித்த எண்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் எண் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலேயும், சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் இருக்கும். கடைசியில் வரும் 8 அல்லது 9 என்பது அழுத்த விகிதம். கார் எண்ணை, இன்ஜினைத் தாங்கும் முன்புறக் குழாய்ச் சட்டத்தின் மேல் குறுக்குப் பகுதியில் பார்க்கலாம்.

எண்ணே கதை சொல்லும். 3.8 கார்களில் 850001-இல் தொடங்குவது வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட திறந்த கார், 860001 வலப்பக்கக் கூபே, 875001 இடப்பக்கத் திறந்த கார், 885001 இடப்பக்கக் கூபே. உற்பத்தியில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. பிறகு பல கார்கள் பிரிட்டனுக்குத் திரும்பி வந்து, ஸ்டீயரிங் மாற்றப்பட்டு ஓடுகின்றன. வலப்பக்கம் ஸ்டீயரிங் இருந்தும் எண் 875-இல் தொடங்கினால் அது மாற்றப்பட்ட கார். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் பிறவியிலேயே வலப்பக்கமான காருக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்து, ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட்டிடம் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ளபடி அந்த நான்கு எண்களும், தயாரித்த தேதியும், அசல் நிறமும், உள் அலங்கார நிறமும், எந்த விற்பனையாளருக்குப் போனது என்பதும் அதில் வரும். கட்டணம் அற்பம். சான்றிதழும் காரும் ஒத்துப்போனால் 'எண் பொருந்திய கார்' என்று சொல்லி விற்கலாம். அந்தச் சொல்லுக்குச் சந்தையில் தனி விலை உண்டு.

பழைய ரசீதுகள், பரிசோதனைச் சான்றுகள், முன்னாள் உரிமையாளர்களின் கடிதங்கள் என்று எது இருந்தாலும் காரோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கைமாறிய பிறகு, 'பரணில் இருக்கு, தேடி அனுப்புறேன்' என்று சொன்னவர் அனுப்புவதில்லை.

துருவைத் தேடும் முறை

இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். 3.8, 4.2 கார்களில் உள்ள எக்ஸ்.கே. இன்ஜினுக்கு மருந்து உண்டு. உடலில் புகுந்த துருதான் பணத்தைத் தின்னும்.

ஈ-டைப்பின் நடுப்பகுதி தகட்டால் ஆன ஒற்றை உடல். தனிச் சேசிஸ் கிடையாது. முன்னால் இன்ஜினைத் தாங்குவது சதுரக் குழாய்களால் ஆன சட்டம், அது டாஷ்போர்டுக்கு முன்னுள்ள சுவரில் போல்ட் போட்டு இணைந்திருக்கும். குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் அமிலம் சிந்திய இடங்களைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறகு கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள், தரைத் தகடு, பின்சக்கர இணைப்புக் கை பொருந்தும் கிண்ணங்கள், டிக்கித் தரை, பின்சக்கர வளைவு, பானெட்டின் கீழ் மடிப்பு. சில் பகுதியில் காந்தத்தை நகர்த்தினால் பட்டி போட்ட இடத்தில் பிடிக்காது. ஒரு எச்சரிக்கை: மூட்டுகளில் ஈயம் உருக்கி ஊற்றி நிரவுவது தொழிற்சாலை வழக்கம். அங்கேயும் காந்தம் தளரும், அது ஏமாற்று அல்ல.

திறந்த காரில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் உடல் நடுவில் தொய்ந்திருக்கிறது. கூபேக்குக் கூரை முட்டுக்கொடுக்கும். திறந்த காரில் அந்தப் பாரம் முழுக்கச் சில் பெட்டியின் தலையில்தான்.

கழற்றுவது

நான்கு நாளில் காரைப் பிரித்துப் போட்டுவிடலாம், திரும்பப் பூட்டும்போதுதான் அழுகை வரும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு எங்கே இருந்தவை என்று எழுதுங்கள். பழையதைத் தூக்கி எறியாதீர்கள். கடையில் கிடைக்கும் புதுப் பாகம் பல நேரம் அளவில் பிசகும், ஒத்துப் பார்க்கப் பழையது கையில் இருக்க வேண்டும். அசல் ஸ்மித்ஸ் மீட்டர்கள், லூகாஸ் விளக்குகள், கார்புரேட்டர் உடல்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரிசெய்யப் பாருங்கள், மாற்றாதீர்கள்.

முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங் இல்லை, முறுக்குக் கம்பிகள்தான். அவை முறுக்கேறிய நிலையிலேயே இருக்கும், இடம் வலம் மாற்றிப் போடக் கூடாது, மேற்பரப்பில் கீறலும் விழக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரை அழைத்துச் செய்வது கைக்கும் காருக்கும் நல்லது.

பிரிக்கும்போதே ஒரு முடிவெடுக்க வேண்டும்: முழுச் சீரமைப்பு இந்தக் காருக்கு உண்மையிலேயே தேவையா? அசல் பெயின்டும் அசல் தோல் இருக்கையும் ஓரளவு நன்றாக இருந்து, துருவும் குறைவென்றால், சுத்தம் செய்து, இயந்திரப் பகுதியை மட்டும் சரிசெய்து நிறுத்திவிடுங்கள். கைபடாத கார்களைத் தேடி வாங்க ஒரு கூட்டம் இருக்கிறது. சுரண்டி எடுத்த அசல் பெயின்டை எந்தப் பணமும் திருப்பிக் கொண்டுவராது.

தகர வேலை

மொத்தச் செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகும். பேர்பெற்ற பட்டறையில் முழுச் சீரமைப்புக்குக் கொடுத்தால் கணக்கு லட்சம் பவுண்டைத் தாண்டிவிடும். பாதிச் செலவில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம், பானெட் பொருத்துவது அந்தக் கணக்கில் சேருமா என்று மட்டும் கேளுங்கள். பதிலிலிருந்தே ஆளை எடைபோட்டுவிடலாம்.

ஏன் பானெட்? காரின் முன்பாதி முழுவதும் ஒரே மூடி. முன்மூக்கருகே உள்ள கீல் சட்டத்தில் தொங்குகிறது, பின்விளிம்பு கண்ணாடிக்குக் கீழுள்ள பகுதியோடும் கதவோரத்தோடும் பொருந்த வேண்டும். சட்டம் சில மில்லிமீட்டர் கோணினால் பானெட்டின் பின்விளிம்பில் அது பெரிதாகத் தெரியும். ஆகவே இந்த வேலையில் முறை மாறக் கூடாது.

முதலில் உடலை நேரான தாங்கியில் ஏற்றி, கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி பற்றவைத்து இறுக்குங்கள். இதைச் செய்யாமல் சில் பெட்டியை வெட்டினால் கார் நடுவில் மடங்கும், அதன் பிறகு போடும் புதுத் தகடெல்லாம் அந்தக் கோணலையே நிரந்தரமாக்கும். இரு பக்கச் சில்லையும் ஒரே சமயத்தில் வெட்டாதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

அடுத்து முன்சட்டத்தைப் பூட்டி அளந்து பாருங்கள். துருப்பிடித்த குழாய்க்கு மேல் ஒட்டுப் போட்டுப் பற்றவைப்பதை ஏற்காதீர்கள். மெல்லிய உயர்தரக் குழாய்களைப் பித்தளைப் பற்றில் இணைத்த சட்டம் அது, கண்டபடி வெல்டிங் சூடு காட்டினால் பலம் போய்விடும். மாற்றுவதே சரி. ஆனால் கார் எண் பொறித்த முன்பகுதி மட்டும் தனி விவகாரம். காப்பாற்ற முடிந்தால் எப்பாடு பட்டாவது காப்பாற்றுங்கள். முடியாவிட்டால், எண்ணை நீங்களாகவே புதுச் சட்டத்தில் அடிக்காமல், வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ.விடம் எழுத்தில் கேட்டுச் செய்யுங்கள். கழற்றிய பழைய துண்டு காரோடேயே இருக்கட்டும். விற்கும் நாளில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

சட்டம் நேரானதும் கதவுகளையும் டிக்கி மூடியையும் பானெட்டையும் மாட்டிப் பாருங்கள். ரப்பரையும் பூட்டுகளையும் வைத்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் புது ரப்பர் தடிப்பு கதவை வெளியே தள்ளும். எல்லா இடைவெளியும் ஒரே அளவுக்கு வந்த பிறகுதான் புதுச் சில்லுக்கு முழுப் பற்று. இந்தக் கட்டத்தில் பெயின்டர் அவசரப்படுத்துவார். பட்டி பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்பார். பட்டியில் சரிசெய்த இடைவெளி ஒரு கோடைக்குத் தாங்கும், அப்புறம் விரிசல் காட்டும்.

வெறும் தகடு கண்ணுக்குத் தெரியும் இந்த நாட்களில் படங்களை அள்ளி எடுங்கள். ஒவ்வொரு பற்று, ஒவ்வொரு புதுத் தகடு, பெட்டிக்குள் அடித்த துருத்தடுப்பு எல்லாவற்றையும். பிரைமர் அடித்துவிட்டால் நீங்கள் செய்த நல்ல வேலையும் இன்னொருவர் செய்த மோசமான வேலையும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும்.

இன்ஜின், பின்கூண்டு

இரும்புப் பிளாக், அலுமினிய ஹெட். கூலன்ட் மாற்றாமல் விட்ட கார்களில் ஹெட்டின் நீர்வழி அரித்துப்போய், பிளாக்கின் பின்பக்கம் சேறு கட்டியிருக்கும். கோர் பிளக் (பிளாக்கின் நீர்வழித் துளைகளை அடைக்கும் மூடிகள்) எல்லாவற்றையும் கழற்றிக் கிளறிக் கழுவுங்கள். கிராங்கில் உள்ள எண்ணெய் வழி அடைப்புத் திருகுகளைக் கழற்றாமல் கிரைண்டிங் செய்து திரும்பி வந்தால் வேலை பாதிதான் முடிந்தது, உள்ளே தங்கிய கசடு புதுப் பேரிங்கைத் தின்றுவிடும். 4.2 பிளாக்கில் சிலிண்டர் துளைகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்யுங்கள். விரிசல் கண்டதும் வேறு பிளாக் தேடாதீர்கள். ஸ்லீவ் (துளைக்குள் செருகும் உலோகக் குழாய்) போட்டுக் காப்பாற்ற முடிந்தால் எண் பொருத்தம் தப்பிக்கும்.

அமெரிக்காவுக்குப் போன பிற்காலக் கார்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக மூன்று எஸ்.யு. கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு ஸ்ட்ராம்பர்க் இருக்கும். மூன்று எஸ்.யு. மாட்டினால் வேகம் கூடும், பெரும்பாலான வாங்குபவர்களுக்கும் பிடிக்கும். மாற்றினால் கழற்றியதைப் பெட்டியில் போட்டுக் காரோடு கொடுங்கள்.

பின்பக்கம் ஜாகுவாரின் கைவண்ணம். டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), டிஸ்க் பிரேக், நான்கு ஸ்பிரிங், எல்லாம் ஒரே இரும்புக் கூண்டுக்குள். பிரேக் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கிறது. பிரேக் சூட்டில் டிஃபரன்ஷியலின் எண்ணெய் சீல் காய்ந்து வெடிக்கும், எண்ணெய் நேரே டிஸ்க்கில் சொட்டும். கார் மேலே இருக்கும்போது அடியில் படுத்துக்கொண்டு இதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண்பாடு. கூண்டை மொத்தமாக இறக்கித் தள்ளுவண்டியில் வைத்து, சீல், பேரிங், பிரேக், ரப்பர் தாங்கி எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள்.

3.8 கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். தெரியாமல் பேட்டரியை மாற்றி மாட்டிப் பொருட்களைக் கருக்கியவர்கள் நிறைய. ஒயரிங்கில் ஒட்டுப் போடாமல் முழுக் கட்டையும் புதிதாக வாங்கிவிடுங்கள், மொத்தச் செலவில் அது சிறு தொகை.

நிறமும் உள்வேலையும்

சான்றிதழில் உள்ள நிறத்தையே அடியுங்கள். சிவப்பு சீக்கிரம் விற்கும் என்று தரகர் சொல்லலாம். வெள்ளி கலந்த நீலத்தில் பிறந்த காரைச் சிவப்பாக்கினால், விவரம் தெரிந்தவர் 'நிறம் மாறியது' என்று பேரத்தைத் தொடங்குவார். உள்ளேயும் அதே கதை. 3.8-இன் நடுப்பகுதியில் புள்ளியிட்ட அலுமினியம் இருந்தால் அதையே மீட்டெடுங்கள், கறுப்புத் தோல் ஒட்டி மூடாதீர்கள்.

ஓட்டிப் பழக்குவது

புதிதாகப் பூட்டிய காரை நேரே ஏலத்துக்கு அனுப்பாதீர்கள். சில நூறு மைல் ஓட்டுங்கள். சூடேறிய நிலையில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டுக்குக் குறையாமல் நிற்கிறதா, நெரிசலில் சூடு ஏறுகிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. பழைய ரப்பர் குழாய்களை அது கரைக்கும். உயர்ரகப் பெட்ரோல் போடுங்கள், எரிபொருள் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

40 வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனையான எம்.ஓ.டி. கட்டாயமில்லை, பெரிய மாற்றங்கள் செய்திருந்தால் ஒழிய. சாலை வரியும் கிடையாது, வரலாற்று வாகனம் என்று பதிவு மட்டும் செய்ய வேண்டும். கட்டாயம் இல்லாவிட்டாலும் எம்.ஓ.டி. எடுத்துவிடுங்கள். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் காரைத் தூக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு நீங்கள் எழுதும் பத்துப் பக்க விளக்கத்தைவிட மதிப்பு அதிகம்.

விற்பது

மூன்று வழிகள். ஈ-டைப்பில் கைதேர்ந்த வியாபாரியிடம் கமிஷனுக்கு விடலாம். நேரம் ஆகும், ஆனால் சரியான வாடிக்கையாளர் அவரிடம் இருப்பார். நேரடி ஏலத்தில் பட்டியல் அச்சாகும் முன்பே காரை ஒப்படைக்க வேண்டும், விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தனித்தனிக் கட்டணம் பிடிப்பார்கள். வாங்குபவர் மனதில் வைத்திருக்கும் தொகையில் அந்தக் கட்டணமும் அடங்கும் என்பதை உங்கள் குறைந்தபட்ச விலையைச் சொல்லும்போது நினைவில் வையுங்கள். இணைய ஏலத்தில் கட்டணம் குறைவு, வேலை அதிகம். குளிர் தொடக்கத்தில் இன்ஜின் இயங்கும் காணொளி, அடிப்பாகப் படங்கள், பெயின்ட் தடிமன் அளவுகள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். என் கருத்தில், நல்ல ஆதாரக் கோப்பு உள்ள காருக்கு இதுவே ஏற்றது. கோப்பு மெலிந்த காரை வியாபாரியிடம் விடுங்கள்.

திறந்த கார் என்றால் வசந்த காலத்தில் விளம்பரம் செய்யுங்கள். நவம்பர் மழையில் கூரையில்லாத காருக்கு யாருக்கும் ஆசை வராது.

விவரிப்பில் குறைகளை முதலில் எழுதுங்கள். ஸ்டீயரிங் பக்கம் மாற்றியது, கியர்பாக்ஸ் அசல் அல்ல, இந்தச் சட்டம் புதிது என்று எல்லாவற்றையும். நீங்கள் சொல்லாததை வாங்குபவர் அழைத்துவரும் நிபுணர் கண்டுபிடித்தால், சொன்னதையும் நம்ப மாட்டார்கள். 'முழுதும் சீரமைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதாமல், எந்தத் தகடு மாற்றினீர்கள், எந்தப் பட்டறை இன்ஜினின் சிலிண்டர்களைக் கடைந்தது, ரசீது எங்கே என்று எழுதுங்கள்.

வரி விஷயம் ஒன்று. பிரிட்டனில் தனிநபர் தன் சொந்தக் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் விற்கவே வாங்கிச் சீரமைத்தால் அது வியாபாரம், லாபத்துக்கு வருமான வரி உண்டு. அடுத்த காருக்கு முன்பணம் கொடுப்பதற்குள் கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

பணம் வங்கியில் வந்து சேர்ந்ததை வங்கியிலேயே உறுதிசெய்த பிறகுதான் சாவி. உரிமையாளர் மாறியதை அன்றைக்கே டி.வி.எல்.ஏ. தளத்தில் பதிவு செய்யுங்கள், காப்பீட்டை அதற்குப் பின் நிறுத்துங்கள். கோப்பின் மூலப் பிரதிகளைக் காரோடு கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில வருடம் கழித்து அடுத்த உரிமையாளர் நிச்சயம் கூப்பிடுவார். பெட்டியில் போட்டு வைத்த பழைய பாகங்களையும் மறக்காமல் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.